காற்றோடு உங்கள் உறவு

முதல் தடவை அவர்கள் வந்தபோது, ஆலையை மூடத்தான் வந்திருக்கிறார்கள் என்று தெரு முழுவதும் நம்பியது. வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. கழுத்தில் அட்டை தொங்கவிட்டவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவர்களில் வயதில் மூத்தவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இது அநீதி" என்றார். பசை ஆலையின் பின்சுவரை ஒட்டிய அந்தத் தெருவில் அதுவரை யாரும் அதற்கு அவ்வளவு பெரிய வார்த்தையைப் போட்டதில்லை. நாத்தம் என்றுதான் சொல்லிவந்தார்கள்.

தெருமுனையில் இஸ்திரிக் கடை வைத்திருந்தவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தார். கடை என்பது அவர் வீட்டின் முன்னறைதான். நீள மேசை, அதன்மேல் மடித்துப் போட்ட கம்பளி, சுவர் நெடுக ஆணியில் தொங்கும் சட்டைகள். பின்னறையில் அவருடைய அக்கா இருந்தாள். பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் ஆகாத தம்பியும், கல்யாணம் ஆகி அது நிலைக்காத அக்காவும் ஒரே கூரையின்கீழ் சண்டை போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். மூச்சு வாங்கத் தொடங்கியதிலிருந்து அக்கா சிரிப்பதைக் குறைத்துக்கொண்டாள். "சிரிச்சா இருமல் வருது. எங்கிட்ட நல்ல சேதி எதுவும் கொண்டு வராதீங்க" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

ஆலை எதையோ காய்ச்சிப் பசையாக்கியது. எதை என்று தெருவில் யாருக்கும் தெரியாது. விடிகிற நேரத்தில் புகையைத் திறந்துவிடுவார்கள். அது மஞ்சளாகத் தெருவில் இறங்கும். வெளியே காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் புள்ளி விழும். அந்தப் புள்ளிக்கு இஸ்திரிக்காரர் திட்டு வாங்குவார். அக்கா இருமுவாள். இப்படித்தான் பொழுது விடிந்துகொண்டிருந்தது.

வந்தவர்கள் மனித–சுற்றுச்சூழல் உறவுகளுக்கும் நீதிக்குமான உயராய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். இந்தப் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அக்காவுக்கு மூச்சு தீர்ந்துபோனதால் தெருவில் அதற்கு மூக்கு ஆபீஸ் என்று பெயர் வந்தது. மூக்கைப் பொத்திய பெரியவர்தான் அதன் இயக்குநர்.

நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார் இயக்குநர். "இங்க மேல கீழன்னு கிடையாது. எல்லாரும் சமம். அதனாலதான் வட்டம்" என்றார். வேனிலிருந்து மெத்தை வைத்த நாற்காலி ஒன்று இறக்கப்பட்டது. அவருக்கு இடுப்பு வலி. அதில் உட்கார்ந்துகொண்டு முதல் கேள்வியைக் கேட்டார்.

"காற்றோடு உங்கள் உறவு எப்படி இருக்கு?"

கேள்வி தங்களைப் பார்த்துத்தானா என்று தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அக்கா சொன்னாள்.

"அது வருது. நான் இருமுறேன்."

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்திலிருந்த இளம் ஆய்வாளர், ஒல்லியான பெண், அவசரமாக எழுதிக்கொண்டாள். "இன்னொரு தடவை சொல்ல முடியுமாம்மா? ஒலிப்பதிவு ஆகல" என்றாள். அக்கா இன்னொரு தடவை சொன்னாள். இந்தத் தடவை வாக்கியம் முடிந்த கையோடு இருமல் வந்துவிட்டது. அதுவும் பதிவானது.

அப்போது மாடிவீட்டுக்காரர் எழுந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோரும் டிரைவர் என்றே கூப்பிடுவார்கள். "அதெல்லாம் இருக்கட்டுங்க. இதை எப்ப நிறுத்துவீங்க?"

இயக்குநர் முகத்தில் லேசாக வலி தெரிந்தது. இடுப்பு வலி அல்ல.

"தீர்வோட வர்றவங்களை நம்பாதீங்க" என்றார் கனிவாக. "தீர்வு கொண்டுவர்றது ஒரு ஆதிக்கம். வெளியிலேர்ந்து வந்து, உங்க பிரச்சினைக்கு இதுதான் பதில்னு சொன்னா, உங்க அறிவை நாங்க அவமதிக்கிறோம்னு அர்த்தம். அந்த அவமதிப்பை எங்க நிறுவனம் இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடச் செஞ்சதில்ல. எந்த ஊர்லயும் நாங்க எதையும் தீர்த்து வைக்கல. அதை ரொம்பப் பெருமையா சொல்லிக்கிறேன்."

கூட வந்தவர்கள் கை தட்டினார்கள். தெருவும் கொஞ்சம் தட்டியது.

"அப்ப காத்தையாவது அளந்து பாருங்களேன்" என்றார் இஸ்திரிக்காரர்.

"காத்தை அளக்கிறது வேற துறை. நாங்க உறவை அளக்கிறோம்."

அடுத்த வாரத்திலிருந்து அந்த ஒல்லிப் பெண் தெருவுக்கு வரத் தொடங்கினாள். தோளில் பெரிய பை. பை நிறைய வண்ண வண்ண ஸ்டிக்கர்கள். தெருவின் வரைபடத்தை மேசையில் விரித்து, நாற்றம் அதிகமுள்ள இடத்தில் சிவப்பும், சுமாரான இடத்தில் மஞ்சளும், மகிழ்ச்சி தரும் இடத்தில் பச்சையும் ஒட்டச் சொன்னாள். அன்றிலிருந்து அவள் ஸ்டிக்கர் பொண்ணு ஆனாள். அவளே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கவும் பழகிவிட்டாள்.

சிவப்பு தீர்ந்துபோய் இன்னொரு கட்டு கொண்டுவர வேண்டியிருந்தது. பச்சையை யாரும் தொடவில்லை.

"ஒண்ணாவது ஒட்டுங்கம்மா" என்று அக்காவிடம் கெஞ்சினாள். "பச்சை இல்லாம போனா என்னைத்தான் திட்டுவாங்க. நான் உங்களைத் துன்பத்தாலேயே வரையறுக்கிறேன்னு சொல்வாங்க."

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் அக்கா ஒரு பச்சையை எடுத்து பஸ் நிறுத்தத்தில் ஒட்டினாள்.

"இங்க என்னம்மா மகிழ்ச்சி?"

"பஸ் ஏறினா போயிடலாம்ல."

அறிக்கை வந்தபோது, பஸ் நிறுத்தம் அச்சமூகத்தின் சூழலியல் மகிழ்ச்சி மையம் என்று அதில் இருந்தது. நிறுவனம் அங்கே ஒரு பெஞ்சு போட்டது. உட்கார்ந்து பெருமூச்சு விடவும் என்று பெஞ்சில் எழுதியிருந்தது. காற்று ஆலைப் பக்கமிருந்து நேராக வரும் இடம் அது. யாரும் உட்காரவில்லை.

இதற்குள் இஸ்திரிக்காரருக்கு ஒரு பதவி கிடைத்தது. சமூக இணை ஆய்வாளர். தெருவிலிருந்து ஒருவரை அப்படி நியமிக்காவிட்டால் ஆய்வு மேலிருந்து கீழாக ஆகிவிடுமாம். இவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவர் கடை தெருமுனையில் இருந்தது, வேன் நிறுத்த வசதியாக இருந்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ள அவருக்கும் ஓர் அட்டை கொடுத்தார்கள். குனிந்து இஸ்திரி போடும்போது அது சூடான பெட்டிக்கும் சட்டைக்கும் நடுவில் வந்து விழுந்தது. முதுகுப் பக்கம் திருப்பி விட்டுக்கொண்டார்.

பயிற்சி மூக்கு ஆபீசின் கட்டடத்தில் நடந்தது. ஜன்னல்களைத் திறக்கவே முடியாத கட்டடம். உள்ளே காற்றை வடிகட்டி அனுப்பினார்கள். இஸ்திரிக்காரர் போனதும் தூங்கிவிட்டார். வெகுநாளைக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம். எழுப்பியபோது இயக்குநர் பேட்டி எடுப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கேள்வி கேட்டுட்டு காத்திருக்கணும். வழிகாட்டக் கூடாது. குறுக்கிடக் கூடாது. முக்கியமா ஆறுதல் சொல்லக் கூடாது. ஆறுதல் சொன்னா தரவு கெட்டுடும்."

"தரவுன்னா என்னங்க?"

"மக்கள் சொல்றது."

"அதைப் பேச்சுன்னு சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம். பேச்சு உங்களோடது. தரவு எங்களோடது" என்றார் இயக்குநர். அவர் அதைத் தமாஷாகச் சொல்லவில்லை. இஸ்திரிக்காரரும் சிரிக்கவில்லை.

முதல் பேட்டியை அக்காவிடமே எடுக்க வேண்டியதாயிற்று. ஒலிப்பதிவுக் கருவியைத் தலையணைமேல் வைத்துவிட்டு, கற்றுக்கொடுத்தபடி எதிரே உட்கார்ந்தார். சின்ன வயதிலிருந்து அவளோடு இருக்கிறார். அவள் எதிரே இப்படி முறையாக உட்கார்ந்தது இல்லை.

"உங்க அன்றாட வாழ்க்கையில மூச்சுங்கிறது என்ன பொருள் தருது?"

"ஏண்டா என்னைப் போய் நீங்க நாங்கன்ற?"

"அப்படித்தான் கேக்கணுமாம்க்கா."

"மூச்சுக்குப் பொருள் வேற இருக்கா? விடுறதுதான்…" என்றவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. கையால் ஜன்னலோரத்தைக் காட்டினாள். இன்ஹேலர் என்கிற உறிஞ்சு மருந்து அங்கே இருந்தது. இஸ்திரிக்காரர் கருவியைப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குறுக்கிடக் கூடாது. அவர் எழுந்திருக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. பிறகு போய் மருந்தை எடுத்துக் கொடுத்து, முதுகைத் தடவிக் கொடுத்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார்.

அந்தப் பேட்டியை நிறுவனம் ஏற்கவில்லை. பேட்டியாளரின் தலையீடு என்று காரணம் சொல்லப்பட்டது. அதில் இருமல் மட்டும் நன்றாகப் பதிவாகியிருந்ததால் அதைத் தனியாக வெட்டி எடுத்துக்கொண்டார்கள்.

மழை தொடங்கிய பிறகு அக்காவுக்கு முடியாமல் போனது. புகை மேலே போகாமல் தெருவிலேயே கிடந்தது. பார்த்த டாக்டர், "மருந்து நான் மாத்தி மாத்தி எழுதிக்கிட்டே இருக்கலாம். அந்தப் புகை நிக்கணும்" என்றார். இஸ்திரிக்காரர் தொழிற்சாலைகளைச் சோதிக்கும் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். எல்லாப் புகாரையும் பொறுமையாகக் கேட்டு, எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் வைப்பவர்.

"நாத்தம் நாத்தம்னு எல்லாரும்தான் வந்து சொல்றாங்க. நீங்க சொன்னா அது புகார். படிச்சவங்க யாராவது எழுதிக் கொடுத்தா அது சான்று. சான்று இருந்தா நான் கருவியை எடுத்துட்டு வரலாம்."

இஸ்திரிக்காரருக்கு உயிர் வந்தது. படித்தவர்களுக்கா பஞ்சம்? கையோடு மூக்கு ஆபீசுக்குப் போனார். ஒரு வரி போதும் என்று கேட்டார். இந்தத் தெருவில் மூச்சு விட முடியவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டிக்கர் பொண்ணு உடனே தாளை எடுத்தாள். இயக்குநர் அவள் கையைத் தடுத்தார். விஷயம் நெறிமுறைக் குழுவுக்குப் போனது. குழு கூடுவதற்கே நாளாயிற்று. இஸ்திரிக்காரரை அழைத்துவைத்து இயக்குநரே முடிவைச் சொன்னார்.

"ஆய்வுல கலந்துக்கிறவங்களோட அடையாளத்தைக் காப்பாத்துவோம்னு நாங்க உறுதிமொழி எடுத்திருக்கோம். உங்க தெரு பேரை வெளியில சொன்னா உங்களுக்கு ஆபத்து வரலாம்."

"என்ன ஆபத்துங்க?"

"ஆலை என்ன வேணா செய்யலாம். ஏதாவது புகையைக் கிகையைத் திறந்து விட்டா?"

இஸ்திரிக்காரர் முதுகுப் பக்கம் கிடந்த அட்டையை முன்னால் இழுத்துப் பார்த்தார்.

"ஆனா நாங்க மனிதாபிமானம் இல்லாதவங்க இல்ல" என்று தொடர்ந்தார் இயக்குநர். "எங்க ஆய்வுல உங்க தெருவுக்கு அல்லி வீதின்னு புனைபெயர் வச்சிருக்கோம். அல்லி வீதியில மூச்சு விட முடியலன்னு கடிதம் கொடுக்கக் குழு ஒப்புக்கிட்டிருக்கு. எங்க வரலாற்றுலயே இது பெரிய படி."

கடிதம் அழகான தாளில் வந்தது. இஸ்திரிக்காரர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, விவரத்தையும் வாயால் சொன்னார். அதிகாரி, "வாயால சொல்றது புகார்ங்க. கடிதத்துல என்ன இருக்கோ அங்கதான் நான் போக முடியும்" என்றார். விசாரித்ததில் ஊரின் இன்னொரு கோடியில் நிஜமாகவே ஓர் அல்லி வீதி இருந்தது. பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிற தெரு. அதிகாரி கருவியோடு அங்கே போய் அளந்தார். காற்று மிக நன்றாக இருந்தது. அல்லி வீதியில் குறை ஏதும் இல்லை என்று அத்தாட்சி கொடுத்தார். அதன் நகல் ஒன்று பசை ஆலைக்கும் போனது. அதை அவர்கள் வரவேற்பறையில் மாட்டி வைத்தார்கள்.

இதை இஸ்திரிக்காரர் அக்காவிடம் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள். பிறகு வெகுநேரம் இருமினாள்.

அந்த மாதமே அக்கா இறந்துபோனாள். காலையில் சட்டைகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டு இஸ்திரிக்காரர் போய்க் கூப்பிட்டபோது அவள் எழுந்திருக்கவில்லை. டிரைவர் வந்து பார்த்தார். டாக்டர் வந்து பார்த்தார். தெருவே வந்து போனது. எல்லாம் முடிந்து வீடு காலியானதும் இஸ்திரிக்காரர் கடையைத் திறந்து பெட்டியைச் சூடேற்றினார். அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. நாலைந்து சட்டை முடித்தார்.

ஸ்டிக்கர் பொண்ணு வந்து வாசலிலேயே நின்றாள். கையில் ஒரு படிவம் இருந்தது.

"மன்னிச்சிடுங்கண்ணா. இதை இன்னிக்கே முடிக்கச் சொல்லியிருக்காங்க. அம்மா ஆய்வுலேர்ந்து விலகினதுக்குக் காரணம் குறிக்கணுமாம்."

"என்னென்ன காரணம் இருக்கு?"

அவள் படித்தாள். "நேரமின்மை. ஆர்வமின்மை. இடப்பெயர்வு. மற்றவை."

"மற்றவைன்னு போட்டுக்கம்மா."

"மற்றவைன்னு போட்டா நெறிமுறைக் குழு விளக்கம் கேக்கும். உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க."

இஸ்திரிக்காரர் சட்டையின் காலரைத் தட்டி நேராக்கினார். "அப்ப இடப்பெயர்வுன்னு போடு. அவதான் போயிட்டாளே."

அவள் குறித்துக்கொண்டாள். குறித்த பிறகும் போகாமல் நின்று, சொல்ல வேண்டிய இன்னொன்றையும் சொன்னாள். பங்கேற்பாளர் எண்ணிக்கை குறையக் கூடாதாம். அடுத்த வட்டத்தில் அக்காவின் நாற்காலியிலும் அவரே உட்கார முடியுமா என்று கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். இஸ்திரிக்காரர் சரி என்றார். அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொன்னார்.

ஆண்டு இறுதியில் நிறுவனத்தில் பெரிய மாநாடு நடந்தது. "செவிமடுத்தல்" என்பது தலைப்பு. வாசலிலேயே ஓர் இருட்டறை அமைத்திருந்தார்கள். உள்ளே நீல விளக்கு. கூரையிலிருந்து அக்காவின் குரல் வந்துகொண்டிருந்தது. அது வருது, நான் இருமுறேன். பிறகு இருமல். மறுபடி முதலிலிருந்து. இயக்குநரின் புதிய ஆய்வுக் கட்டுரைக்கும் அந்த வாக்கியம்தான் தலைப்பு. பார்வையாளர்கள் உள்ளே போய், கொஞ்ச நேரம் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி குடிக்கப் போனார்கள்.

இஸ்திரிக்காரர் மேடையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்த்தி வைக்கப்பட்டார். நடு நாற்காலியில் பசை ஆலையின் மேலாளர் இருந்தார். அவர் உரையாடல் பங்காளர் என்று அறிமுகம் செய்யப்பட்டார். அவரும் பேசினார்.

"நிறுவனத்துக்கு நாங்க ரொம்பக் கடமைப்பட்டிருக்கோம். முன்னெல்லாம் தெருக்காரங்களுக்குக் கோபம் வந்தா கேட்டுல வந்து கல் எறிவாங்க. இப்ப ஸ்டிக்கர் ஒட்டுறாங்க. இந்த முதிர்ச்சி எங்களால மட்டும் கொண்டு வந்திருக்க முடியாது."

பலத்த கைதட்டல். பிறகு இயக்குநர் பேசினார், சமூகத்தின் குரலுக்கு நாம் வழிவிட வேண்டும் என்று. இன்னொருவர் பேசினார், வழிவிடுவது எப்படி என்று. வழிவிட்டு முடித்தபோது நேரம் தீர்ந்திருந்தது. இஸ்திரிக்காரருக்கு ஒரே ஒரு நிமிடம் என்று சைகை காட்டி ஒலிவாங்கியை நீட்டினார்கள்.

அவர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். வாசலிலிருந்து அந்தக் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அதைக் கொஞ்சம் நிறுத்த முடியுங்களா?" என்றார்.

முன்வரிசையில் ஓர் அம்மாள் தலையைத் தலையை ஆட்டினாள். இயக்குநர் எழுந்து, "நிறுத்துதல். எவ்வளவு ஆழமான சொல்" என்றார். எதை நிறுத்துவது, யார் நிறுத்துவது, நிறுத்துவது என்பது ஒரு தொடக்கமா என்று சாப்பாட்டு நேரம் வரை விவாதித்தார்கள். ஸ்டிக்கர் பொண்ணு மட்டும் எழுந்துபோய் இருட்டறையில் ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்தாள். ஏதோ கோளாறு என்று நினைத்து வேறொருவர் மறுபடி மாட்டினார்.

அவளுக்கே அப்போது இருமல் இருந்தது. தெருவோடு தெருவாக வாழ்ந்து ஆய்வு செய்ய வேண்டும் என்று சொல்லி இயக்குநர் அவளை டிரைவர் வீட்டு மாடியில் குடிவைத்திருந்தார். முதலில் சளி என்றார்கள். பிறகு அவளும் உறிஞ்சு மருந்து வைத்துக்கொண்டாள். ஒருநாள் பை இல்லாமல் வெறுங்கையோடு கடைக்கு வந்து, துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"என்னை வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்கண்ணா."

"ஏன்?"

"எனக்கும் மூச்சு வாங்குதுல்ல. அதனால நான் ஆய்வாளரா இருக்க முடியாதாம். ஒருபக்கச் சார்பு வந்துடுமாம். பங்கேற்பாளரா மாத்திட்டாங்க. அடுத்த வட்டத்துல நான் உங்க பக்கம் உக்காரணும்." கொஞ்சம் இருமிவிட்டுச் சொன்னாள். "டைரக்டர் வாழ்த்துச் சொன்னார். ஆய்வோட இவ்வளவு ஒன்றிப்போனவ இதுவரை யாருமில்லையாம்."

இஸ்திரிக்காரர் அவளுக்கு டீ வாங்கிவரப் போனார். திரும்பி வந்தபோது அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணா, உறுதிமொழி ஆய்வாளருக்குத்தான். பங்கேற்பாளருக்குக் கிடையாது. தெரு பேரை நான் இப்ப யார்கிட்ட வேணா சொல்லலாம்."

"சொல்லி?"

"அந்த ஆபீசுக்குப் போலாம் வாங்க."

அவர் கடையைச் சாத்தினார். நம்பிக்கை இருந்து போகவில்லை. அவள் கூப்பிட்டாள், போனார். அதே அதிகாரிதான் இருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "படிச்சிருக்கீங்களா?" என்றார்.

"டாக்டர் பட்டம் முடிச்சிருக்கேன்."

"அப்ப உக்காருங்க" என்றார். இஸ்திரிக்காரர் நின்றுகொண்டார். அவள் தன் கைப்பட எழுதினாள், தெருவின் சொந்தப் பெயரைப் போட்டு, அக்கா எப்படிச் செத்தாள் என்பதையும் எழுதி, பட்டத்தோடு கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி மறுவாரம் விடியற்காலையில் கருவியோடு வந்தார். மஞ்சள் இறங்கும்போது தெருவில் நின்று அளந்தார். கருவியைப் பார்த்தார், கையால் தட்டினார், மறுபடி பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டு ஆலைக்குள் போனார். புகையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டார்.

ஆலை மறுக்கவே இல்லை. புகைபோக்கியில் வடிகட்டியை மாட்டிவிட்டார்கள். மாட்டும் வேலையைப் பார்க்க மேலாளர் தெருப்பக்கம் வந்தார். ஸ்டிக்கர் பொண்ணு அவரிடம், "இவ்வளவு சீக்கிரம் எங்கிருந்து வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

"வாங்கலையேம்மா. கிடங்குல பிரிக்காம கிடந்துச்சு. யாராவது கேட்டா மாட்டலாம்னு இருந்தோம்."

"நாங்க வந்தோமே. எத்தனையோ தடவை வந்தோமே."

"வந்தீங்க. எங்க கண்ணோட்டம் என்னன்னு கேட்டீங்க. சொன்னோம். நிறுத்துங்கன்னு உங்கள்ல யாரும் கேக்கலையேம்மா" என்றார் அவர். வருத்தத்தோடுதான் சொன்னார்.

ஸ்டிக்கர் பொண்ணு இஸ்திரிக்காரரைப் பார்த்தாள். அவர் மேலாளருடைய சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வெள்ளை. மடிப்பு கலையவில்லை. யார் இஸ்திரி போட்டது என்று தெரியவில்லை.

சில நாளில் மஞ்சள் நின்றது. டிரைவர் மாடி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, திறந்திருக்கிறது என்று போகிறவர் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். வெளியே காயப்போட்ட சட்டைகள் போட்டபடியே வெள்ளையாக இருந்தன. இஸ்திரிக்காரர் அவற்றை எடுத்து வந்து மேசையில் போட்டார். சந்தோஷப்பட வேண்டிய நேரம் இது என்று அவருக்குத் தெரிந்தது. எங்கே இருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

வெள்ளை வேன் மறுபடி வந்தது. இயக்குநர் இறங்கினார், கூடவே கருவியோடு ஒரு புது ஆய்வாளர். இயக்குநர் முகத்தில் மனத்தாங்கல் இருந்தது.

"எங்களைக் கலந்துக்காம செஞ்சிட்டீங்க" என்றார் கடைக்குள் வந்து. "பங்கேற்பு முறையில ஒரு ஆய்வு நடந்துக்கிட்டிருந்தது. அது பாதியில நிக்குது. ஆனா நாங்க அதுக்காகக் கோபப்படல. இதையும் ஒரு வாய்ப்பாத்தான் பார்க்கிறோம். ஒரு சமூகம் இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்த ஒண்ணைத் திடீர்னு பறிகொடுத்து நிக்குது. அந்த வெறுமையைப் பதிவு செய்யணும். நாற்றத்தின் இழப்புன்னு இரண்டாம் கட்ட ஆய்வு. ஒப்புதல் வந்தாச்சு."

துணி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஸ்டிக்கர் பொண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். புது ஆய்வாளர் கருவியை மேசையில், சட்டைக்குப் பக்கத்தில் வைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது.

இயக்குநர் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "மனசைத் திறந்து சொல்லுங்க. எதை இழந்ததா உணர்றீங்க?"

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். இந்தத் தடவை கேள்வி அவருக்குப் புரிந்தது. பதிலும் தெரிந்தது.

"எங்க அக்காவை."

இயக்குநர் கையை நீட்டிக் கருவியை நிறுத்தினார்.

"அது முதல் கட்டத்துல வந்துடுச்சுங்க" என்றார் பொறுமையாக. "வேற?"